கறுப்பு மணல்

ஷாட்டோவர் ஆற்றங்கரையில் வேனைவிட்டு இறங்கிய பிறகும் ஸ்டூவர்ட்டின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இந்த ஆளைப் பாருங்க. காலம் பூரா மரலாரி ஓட்டுற மனுஷன். இந்த மலைப்பாதைக்குப் பயந்து காலையில இருந்து ஒரு சீஸ் ரோல்கூட உள்ள இறங்கல" என்று நோலீன் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமலே இருவரும் வருஷக்கணக்காகச் சேர்ந்து வாழ்கிறவர்கள்.

ஆற்று மணலைத் தட்டில் அலசித் தங்கம் தேட அவர்களைக் கூட்டிவந்த வழிகாட்டி ரெவிக்கு வேறு கவலை. பின்சீட்டில் வந்த ஈவன், காதலி ஐலாவுக்குத் தெரியாமல் ஒரு மோதிரத்தை அவன் கையில் திணித்திருந்தான்.

"அவ தட்டுல போட்டுடுங்கண்ணே. அவ எடுத்ததும் நான் கேட்டுடறேன். சும்மா நின்னு பேச்சை ஆரம்பிக்க எனக்கு நாக்கு எழும்பல."

ரெவிக்கு அது பழகிய வேலை. யாரும் வெறுங்கையோடு திரும்பக்கூடாதென்று, வருகிறவர்களின் தட்டிலெல்லாம் ஒரு சிட்டிகை தங்கத்தூள் தூவுகிறவன்தான். மோதிரத்தை மணலுக்கடியில் புதைத்து, தட்டை ஐலாவிடம் நீட்டினான்.

"ஏம்மா, உன் தட்டுல மணல் நல்ல கறுப்பா இருக்கே" என்றாள் நோலீன். "கறுப்பு மணல்லதான் தங்கம் தங்கும். மாத்திக்கலாமா?"

ஐலா சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள். ரெவி வாயைத் திறப்பதற்குள் நோலீன் முழங்கால் தண்ணீரில் நின்று தட்டைச் சுழற்ற ஆரம்பித்திருந்தாள்.

ஈவன் ரெவியைப் பார்த்தான். ரெவி ஆற்றைப் பார்த்தான்.

"ஸ்டூ, இங்க வா." நோலீனின் குரல் உடைந்தது. விரல் நுனியில் மோதிரம் மின்னியது. "இதுக்குத்தானா மூஞ்சி வெளுத்துக் கிடந்த?"

ஸ்டூவர்ட் மோதிரத்தைப் பார்த்தார். ஈவனின் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பனித்தண்ணீரில் அப்படியே மண்டியிட்டார்.

"என்னைக் கட்டிக்கிறியா?"

"கேக்கறதுக்கு இத்தனை வருஷமா உனக்கு? எந்திரி, விறைச்சுப் போயிடுவ. கட்டிக்கிறேன்." மோதிரம் பாதி விரலோடு நின்றுவிட்டது. "அளவுகூடத் தெரியல இந்த மனுஷனுக்கு" என்று அழுதபடியே சிரித்தாள்.

வேன் கூட்டம் தட்டுகளில் தாளம்போட்டுக் கூத்தடித்தது. யாரோ தொப்பியை ஆற்றில் எறிந்துவிட்டு, அதன் பின்னாலேயே ஓடினார்கள். ஐலா ஈவனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியா, எவ்வளவு தைரியம் அவருக்கு."

ஈவன் கைதட்டினான். அழாத குறைதான்.

ரெவி ஸ்டூவர்ட்டைப் பாறை மறைவுக்கு இழுத்துப் போனான். "மன்னிச்சிடுங்க சார். எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அந்த மோதிரம் வந்து..."

"அந்தப் பையனோடது. தெரியும்."

ஸ்டூவர்ட்டின் முகத்தில் இப்போதுதான் ரத்தம் திரும்பியிருந்தது. கோட்டின் உள்பையிலிருந்து எதையோ எடுத்து ரெவியின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"நான் கொண்டுவந்தது இது. அந்தப் பொண்ணு தட்டுல போட்டுடு, தம்பி."