நேராக நின்றவள்

நிரஞ்சலா தன் பெரிய பெட்டிக் கேமராவுக்குப் பழைய வைட் லென்ஸ் தேடிப் பதுளையில் அலவி நானாவின் பழைய கேமராக் கடைக்கு வந்தாள். பிடித்த ஒன்றைப் பொருத்தி, கேமராவை வாசலில் ஸ்டாண்டில் நிறுத்தினாள். அலவியைக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கேமராவின் பின்கண்ணாடியில் பார்க்கச் சொல்லிவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

துணியை விலக்கிய அலவியின் முகம் வெளிறியிருந்தது.

"தங்கச்சி, உங்க பக்கத்துல நிக்கிற புள்ள யாரு?"

"நான் தனியாத்தான் வந்தேன், நானா."

"கண்ணாடியில எல்லாம் தலைகீழாத்தானே தெரியும்? அந்தப் புள்ள மட்டும் நேரா நிக்குது."

நிரஞ்சலா ஓடிவந்து துணிக்குள் தலையை நுழைத்தாள். கடைகளும் பஸ்ஸும் தலைகீழாகத் தொங்கின. நடுவில், மண்சரிவில் தோட்டத்து லய வீட்டோடு புதைந்து இன்றுவரை உடல்கூடக் கிடைக்காத தங்கை மதுஷா, சேறு படிந்த பள்ளிச் சீருடையில் நேராக நின்றாள். அக்கா நின்றிருந்த இடத்தையே சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தாள்.