மண்டப வாசலில் ஒரு கிறீச்

பழைய கார் கல்யாண மண்டப வாசலில் கிறீச்சென்று நின்றது. சம்பந்தி வீட்டார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்ப்பா இப்படிப் பன்னி மாதிரி கத்துற? மானம் போகுது," என்றது சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்.

"இல்லண்ணே..." என்று ஆரம்பித்தது பிரேக் பேட்.

"வாயை மூடு."

மறுநாள் மெக்கானிக் சேவியர் சக்கரத்தைக் கழற்றினார். ஓடும் டிஸ்க்கைப் பிடித்துப் பிடித்து நிறுத்தியதில் பேட் நகக்கனத்துக்குத் தேய்ந்துபோயிருந்தது. டிஸ்க் திகைத்துவிட்டது.

"இவ்வளவு ஆயிருக்கே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கத்திக்கிட்டுத்தானே இருந்தேன், அண்ணே."

சேவியர் தேய்ந்த பேடைப் பழைய இரும்போடு போட்டுவிட்டுப் புதிய பேட் ஒன்றை மாட்டினார்.

மறுவீட்டு விருந்துக்குப் போன கார் சத்தமில்லாமல் நின்றது. யாரும் திரும்பவில்லை.

"நான் சத்தமே போடலையே, பாத்தீங்களாண்ணே?" என்று புதிய பேட் பெருமையாகக் கேட்டது.

டிஸ்க்கால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.