குதித்துக் காட்டு

குண்டு துளைக்காத உடுப்பு நெஞ்சில் சரியாக உட்காராதவர்களுக்கு நாளைய ரோந்தில் இடமில்லை. மங்கையர்க்கரசிக்கோ முன்தகடு தொப்புள்வரை தொங்கியது. போன ரோந்தின்போதும் அவள் காவல் நிலைய வாசலில் நின்று வண்டிக்குக் கையசைத்தவள்தான்.

“ஏட்டி, இது உன் சோத்தத்தான் காப்பாத்தும்,” என்று சிரித்த தோழி பிலோமினா, தோள்பட்டிகளைக் கழற்றி ஏற்றி மாட்டினாள். தகட்டின் விளிம்பு கழுத்துக்குழிக்கு வந்தது. “மூச்ச இழுத்துப் பிடி. விட்டுட்டு இறுக்குனா ஓடும்போது முட்டும்.” பக்கப்பட்டிகளை இறுக்கி ஒட்டினாள்.

“குதிச்சுக் காட்டும்மா,” என்றார் ஆய்வாளர்.

குதித்தாள். தகடு அசையவில்லை.

“சரி, நாளைக்கு நீயும் வண்டில ஏறு.”

அவள் மறுபடி குதித்தாள்.

“போதும்மா!”

பிலோமினாவும் தன் உடுப்போடு சேர்ந்துகொண்டாள். அத்தனை எடையோடு குதித்தும், ஒவ்வொரு முறையும் தரை கொஞ்சம் தாமதமாகவே வந்தது.