பெருக்கல் குறி

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி அவசர புத்தி..." என்று டாக்டரம்மா கேட்டு முடிப்பதற்குள், "எங்க வழியில யாருக்கும் கிடையாது" என்றார் தணிகாசலம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒயர்கள் தொங்கும் தொப்பியோடு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள் அவர் மகள் ஓவியா. பதினாலு வயது. இங்கிருந்தும் தெரிந்த திரையில் வட்டம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பெருக்கல் குறி வந்தால் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. வட்டம், வட்டம், வட்டம், பெருக்கல். அழுத்திவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். போன வாரம் பள்ளியிலிருந்து புகார் வந்த அன்று அவர் அறைந்த கன்னம் இன்னும் கன்றியிருந்தது. அடிக்கணும் என்று அவர் நினைக்கவேயில்லை. கை முந்திக்கொண்டது.

மறுபடி பெருக்கல். மறுபடி அழுத்தினாள்.

"பாத்தீங்களா டாக்டர்? ஒரு நொடி பொறுக்க மாட்டா."

டாக்டரம்மாவின் கண் திரையில் இல்லை, தணிகாசலத்தின் முழங்காலில் இருந்தது. அவரும் குனிந்து பார்த்தார். அவருடைய கட்டைவிரல் பேண்ட் துணியை அழுத்தியபடி இருந்தது. சட்டென்று அதை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த பெருக்கல் குறி வந்தது. அங்கே ஓவியா அழுத்திய அதே நொடியில், அவர் பிடிக்குள் அந்தக் கட்டைவிரல் துள்ளியது.