வலப்பக்கம் ஒதுங்கிய படகு

கடல் மிக அகலமானது என்று பரவலாக நம்பப்படுகிறது. இது பெரும் பிழை. எதிரே ஒன்று வந்துவிட்டால் கடலின் அகலம் சரியாக ஒரு படகளவுதான். பொன்வண்டு என்ற விசைப்படகுக்கு இது நன்றாகத் தெரியும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்ற கடல்விதியை அது மனப்பாடம் செய்திருந்தது.

அன்று தீவுக் கல்யாணத்து ரோஸ்மில்க்குக்காக அது ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வழியில் எதிரே ஒரு தேங்காய் மிதந்து வந்தது. பொன்வண்டு உடனே வலப்பக்கம் திரும்பியது.

"அண்ணே, நான் வெறும் தேங்காய். நேரா போங்க" என்றது தேங்காய்.

"சட்டம் ஆள் பார்க்காது, தம்பி" என்றது பொன்வண்டு.

திரும்பிய திசையில் ஒரு கூழைக்கடா நீந்தி வந்தது. மறுபடியும் வலம். "நான்தான் பறந்துடுவேனே!" என்று அது சிரித்தது. அப்புறம் ஒரு நுரைத்திட்டுக்காக வலம், ஒரு ரப்பர் செருப்புக்காக வலம். கடைசியில் பார்த்தால், எதிரே முதலில் வந்த அதே தேங்காய். ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, என்னைப் பிரதட்சிணம் பண்றீங்களா? ஒதுங்கினவர் திரும்பத் தன் வழிக்கு வரக் கூடாதுன்னு உங்க சட்டத்துல இருக்கா?"

பொன்வண்டு விதிகளை முதலிலிருந்து மனசுக்குள் ஒப்பித்துப் பார்த்தது. அப்படி ஒரு வரி இல்லவே இல்லை. மகிழ்ச்சி தாங்காமல் ஹாரன் அடித்து, தேங்காய்க்கு முறைப்படி ஒதுங்கி, அதைத் தாண்டியதும் தீவுப் பக்கம் திரும்பிப் பறந்தது.

அன்று தீவில் தாலி கட்டி முடிந்ததும் ரோஸ்மில்க்கைச் சுடச்சுடக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார்.