மூலையில் ஒரு சிலுவை

"இதப் போட்டது யாரு?"

விடைத்தாளை மேசையில் அறைந்தார் வேதியியல் துறைத் தலைவர். தாளின் வலது மூலையில் பட்டாணி அளவுக்கு ஒரு சிலுவை. எதிரே நின்ற இறுதியாண்டு மாணவி, விடைகள் தன் கையெழுத்தில் இருப்பதைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியாது ஃபாதர்."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறியா? பேர் எழுதாம நம்பர் மட்டும் போடச் சொல்றதே, திருத்துறவங்களுக்கு ஆள் தெரியக் கூடாதுன்னுதான். நீ அடையாளம் காட்டுற! கண்ணுல படணும்னு சிவப்பு மையில வேற!"

கல்லூரியில் அவருக்குப் 'பட்டாசு ஃபாதர்' என்று பெயர். இன்று வெடித்ததற்குக் காரணமும் இருந்தது. அந்தத் தாள் இருந்த விடைத்தாள் கட்டைத் திருத்தியவர் அவரேதான். கூட்டலைச் சரிபார்த்த தேர்வு அலுவலகம், 'கட்டின் முதல் தாளிலேயே அடையாளம் உள்ளது, கவனிக்கவில்லையா?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது. முப்பது வருட நேர்மைக்கு இப்படியொரு கேள்வி!

"சிலுவையக் காட்டி மார்க் கேக்குறியே, வெக்கமா இல்ல?"

"நான் கேக்கவும் இல்ல, போடவும் இல்ல." அவள் குரலும் உயர்ந்தது. "செய்யாத தப்ப எப்படி ஒத்துக்கறது? இந்தத் தாள ரத்து பண்ணா எனக்கு ஒரு வருஷம் போயிடும். அடுத்த மாசம் வேலைல சேரணும் ஃபாதர்."

"சேர்ந்த மாதிரிதான்!"

இவளிடம் இனி என்ன பேச்சு? வெள்ளைத்தாள் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அங்கிப் பையிலிருந்து திருத்தும் பேனாவை உருவினார். பதினாறு வயதில் குருமடத்தில் பழகிய கை, எந்த எழுத்து வேலைக்கும் முன்னால் செய்வதை இப்போதும் தன்பாட்டுக்குச் செய்தது. பிறகு, 'இம்மாணவியின் விடைத்தாளை ரத்து செய்யப் பரிந்துரைக்கிறேன்' என்று கிறுக்கி முடித்து, நிமிர்ந்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் எழுதிய தாளின் வலது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சிவப்பு மை இன்னும் காயவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இதப் போட்டது யாரு ஃபாதர்?"