சுட்ட பலாக்கொட்டை

நண்பகல் நெருங்கியும் ஹந்தானை மலையில் மூட்டம் கலையவில்லை. வீட்டுக்குப் பின்னால், கொய்யா மரத்துக்கும் வேலிக்கும் நடுவே கட்டிய படுக்கை விரிப்பு காற்றில் உப்பித் தணிகிறது. இன்றைய முகாம் விளையாட்டில் அதுதான் வீடு. மூன்று செங்கல்லுக்கு நடுவே, சாம்பலுக்குள் பலாக்கொட்டைகள் பட்டென்று வெடிக்கின்றன. பள்ளிக்கூட நாளில் சாரணியர் முகாமுக்குப் போய்வந்த பிலோமினா, அங்கே படித்த சட்டத்தைக் காலையிலேயே தன் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டாள்: "இங்க யாரும் யாருக்கும் ஊட்ட மாட்டாங்க. பசிச்சவங்க அடுப்புக்கிட்ட வரணும்." மூத்த பையன்கள் இருவரும் கரி படிந்த வாயோடு தின்கிறார்கள். காய்ச்சலில் கிடந்து தேறிய சின்னவள் செலின் மட்டும் விரிப்புக்குள் சுருண்டிருக்கிறாள். ஒரு மாதமாக அவள் பின்னாலேயே கஞ்சிக் கிண்ணத்தோடு அலைந்து, கெஞ்சி, அதட்டி, ஒவ்வொரு வாயாக எண்ணி எண்ணி ஊட்டியவள் பிலோமினா. வீட்டுக்குள் மணிக்கூடு பன்னிரண்டு அடிக்கிறது; கஞ்சி நேரம். கை தன்பாட்டில் கிண்ணத்தைத் தேட, அந்தக் கையை முழங்காலுக்கடியில் அமுக்கிக்கொள்கிறாள். முதுகுக்குப் பின்னால் விரிப்பு சரசரக்கிறது. சின்னக் காலடிகள் அடுப்பருகே வந்து நிற்கின்றன. ஒரு குச்சி சாம்பலைக் கிளறுகிறது, தோல் உடைகிறது, பிறகு மெல்லுகிற சத்தம் கேட்கிறது. "அம்மா, இன்னொண்ணு எடுக்கவா?" பிலோமினா திரும்பாமல் மலையைப் பார்த்தபடியே, "என்னைய எதுக்குக் கேக்குற? ஒனக்குப் பசிச்சா எடு" என்கிறாள். மனதுக்குள் மட்டும் எண்ணிக்கொள்கிறாள்: இரண்டு.